நீளும் உலோகம் உள்ளே அறுவது எப்படி? கழுத்து விழுவதிலிருந்து கிண்ண முறிவு வரை ஒரு முழு வழிகாட்டி

இழுவைச் சோதனை முடிந்ததும் இரண்டு துண்டுகளையும் இயந்திரத்திலிருந்து கழற்றிக் கையில் வாங்கிப் பாருங்கள். முறிந்த இடம் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், அதாவது மென் எஃகு) உருளைக் கம்பி என்றால் ஒரு துண்டின் முனை சின்னக் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். மற்றதன் முனை அந்தக் கிண்ணத்துக்குள் உட்காரும்படி மொட்டைக் கூம்பாக இருக்கும். கிண்ணத்தின் அடிப்பகுதி மங்கிய சாம்பல் நிறத்தில் நார்நாராகச் சொரசொரக்கும். விளிம்பு மட்டும் ஏறக்குறைய 45 பாகை சாய்வில், வழவழப்பாக இருக்கும்.

ஒரே கம்பி, ஒரே இழுப்பு. பிறகு ஏன் நடுவில் ஒரு மாதிரி, ஓரத்தில் வேறு மாதிரி? நடு முதலில் அறுந்தது, ஓரம் கடைசியில் அறுந்தது என்பதுதான் பதில். கம்பி வெளியிலிருந்து கிழிந்து உள்ளே போனதாகத்தான் முதன்முறை பார்ப்பவர் எல்லோரும் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. மேல்பரப்பு பழுதில்லாமல் இருக்கும்போதே கம்பியின் மையத்தில் நுண்துளைகள் பிறந்து, வளர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு விரிசலே உருவாகிவிட்டது. 'பட்'டென்று சத்தம் கேட்டது அதன் கடைசிக் கணம் மட்டும்தான்.

இந்த வழிகாட்டி அந்தப் பயணத்தைப் படிப்படியாகச் சொல்கிறது. டிப்ளமா, பொறியியல் படிக்கும் பிள்ளைகளையும், லேபிலும் பட்டறையிலும் வேலை செய்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். முடிந்தால் பக்கத்தில் ஒரு உடைந்த கம்பியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 1: கம்பியை இழுங்கள், எண்களைக் குறியுங்கள்

12 மி.மீ. விட்டமுள்ள எம்.எஸ். துண்டை எடுத்துக்கொள்வோம். குறுக்குப் பரப்பு 113 சதுர மி.மீ. நீட்சியை அளக்க எடுத்துக்கொள்ளும் 'அளவு நீளம்' விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு, அதாவது 60 மி.மீ. அந்த 60 மி.மீ. நீளத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு புள்ளி குத்திவிட்டு இயந்திரத்தில் பிடிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் கம்பி மீள்தன்மையோடு நீளும். எஃகின் யங் குணகம் சுமார் 2 லட்சம் மெகா பாஸ்கல். எனவே 250 மெகா பாஸ்கல் தகைவில்கூட (தகைவு என்பது சுமையைக் குறுக்குப் பரப்பால் வகுத்தது) அந்த 60 மி.மீ. நீளம் 0.075 மி.மீ.தான் கூடும். கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் ஈல்டு வரும். கம்பி மேல் கரும்பொருக்கு (சூட்டில் படிந்த ஆக்சைடு) இருந்தால் அது சிதறி உதிர்வதைப் பார்க்கலாம். அங்கிருந்து நிரந்தரமாக நீளத் தொடங்குகிறது. நீள நீள உலோகம் கெட்டிப்படுவதால் சுமையும் ஏறிக்கொண்டே போகும். இதுவரை கம்பி முழுக்கச் சீராகத்தான் மெலிகிறது.

படி 2: கழுத்து விழும் கணத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

ஜவ்வு மிட்டாயை இழுத்தால் ஒரு இடத்தில் மட்டும் சட்டென்று இளைத்துப் போகும் அல்லவா? கம்பியிலும் அதுதான். ஆனால் அது ஏன் அதுவரை பொறுத்திருந்தது என்று கேட்க வேண்டும்.

கம்பியில் எங்கோ ஓரிடம் மற்ற இடங்களைவிட மயிரிழை மெலிந்துவிட்டது என்று வையுங்கள். மெலிந்ததால் அங்கே தகைவு கூடுகிறது. கூடவே அந்த இடம் அதிகம் நீண்டதால் அதிகம் கெட்டிப்பட்டும் இருக்கிறது. கெட்டிப்படும் வேகம் மெலியும் வேகத்தை ஈடுகட்டும்வரை நீட்சி மற்ற இடங்களுக்குப் பரவிவிடும், கம்பி சீராகவே இருக்கும். ஈடுகட்ட முடியாத கணத்தில் நீட்சி முழுவதும் அந்த ஒரே இடத்தில் குவிகிறது. கழுத்து விழுந்துவிட்டது. சுமை உச்சத்தைத் தொட்டுக் கீழே இறங்குவதும் அந்தக் கணத்தில்தான். பிரெஞ்சுப் பொறியாளர் கன்சிதேர் 1885-லேயே இந்த விதியைச் சொல்லிவிட்டார்: நீட்சி கூடக்கூட உண்மைத் தகைவு (அந்தக் கணத்தில் இருக்கும் பரப்பால் வகுத்த தகைவு) ஏறும் வேகம் அந்தத் தகைவுக்கே சமமாகும் இடத்தில் கழுத்து தொடங்கும்.

இங்கே மாணவர்கள் பலர் தடுமாறும் ஒரு விஷயம் இருக்கிறது. வரைபடத்தில் கோடு இறங்குவதைப் பார்த்து, உலோகம் பலவீனமாகிவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உச்சச் சுமை 48.6 கிலோ நியூட்டன், முறியும்போது 36 கிலோ நியூட்டன் என்று கொள்வோம். முறிந்த இடத்தில் விட்டம் 7.5 மி.மீ., பரப்பு 44.2 சதுர மி.மீ. தொடக்கப் பரப்பால் வகுத்தால் முறிவுத் தகைவு 318 மெகா பாஸ்கல்தான் வரும். ஆனால் சுமையைத் தாங்கிக்கொண்டிருப்பது இப்போது அந்த 44.2 சதுர மி.மீ. மட்டுமே. அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 815. சுமை இறங்கினாலும் கழுத்துக்குள் இருக்கும் உலோகம் முன்னைவிட அதிகத் தகைவைச் சுமந்துகொண்டிருக்கிறது. அதே நேரத்தில் உள்ளே துளைகளும் பிறந்துகொண்டிருக்கின்றன.

படி 3: துளை எங்கே பிறக்கிறது என்று தேடுங்கள்

மிகத் தூய்மையான உலோகத்தை இழுத்தால் துளையே பிறக்காமல் போகலாம். தூய தங்கமும் ஈயமும் கழுத்தில் இளைத்து இளைத்து ஊசிமுனை போலாகித்தான் பிரியும். கிண்ணமும் இல்லை, கூம்பும் இல்லை. ஆக, நுண்துளைக்கு ஒரு விதை வேண்டும். அந்த விதை உலோகத்துக்குள் இருக்கும் அந்நியத் துகள்.

எஃகில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, உருக்கும்போதே உள்ளே தங்கிவிடும் இன்க்ளூஷன்: மாங்கனீஸ் சல்பைடு, அலுமினா போன்றவை. அளவு சில மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முதல் பல பத்து மைக்ரான் வரை. மற்றது, எஃகின் பலத்துக்கே காரணமான நுண்ணிய கார்பைடுகள். பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே.

கம்பி நீளும்போது சுற்றியுள்ள எஃகு பாய்ந்து நகர்கிறது. கெட்டியான துகளால் அப்படி நகர முடியாது. ஆற்று நீரோட்டத்தில் பாறை நிற்பது போல அது நிற்கிறது. துகளின் இரு துருவங்களிலும், அதாவது இழுப்புத் திசையில் இருக்கும் இரு முனைகளிலும், இழுவை ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் துகளே விண்டுபோகும், அல்லது துகளுக்கும் எஃகுக்கும் இடையிலான ஒட்டு விடும். இரண்டில் எது நடந்தாலும் அங்கே ஒரு இடைவெளி. அதுதான் துளை.

மாங்கனீஸ் சல்பைடு இதில் முன்னாடியே தோற்றுவிடும். அது எஃகோடு இறுக்கமாக ஒட்டுவதில்லை. போதாததற்கு, ஆறும்போது எஃகைவிட அதிகம் சுருங்குவதால், இழுப்பதற்கு முன்பே துகளைச் சுற்றி ஒட்டு தளர்ந்திருக்கும். எனவே சின்ன நீட்சியிலேயே அங்கே துளை வந்துவிடும். கார்பைடுகள் அப்படியில்லை. ஒட்டு பலமானது, அளவும் சிறியது. நிறைய நீட்டிய பிறகுதான் விடும். இந்த வரிசையை மனத்தில் வையுங்கள், பெரியது முதலில், சின்னது கடைசியில். ஐந்தாம் படியில் விளிம்பு ஏன் சாய்ந்தது என்பதற்கு விடை இதிலிருந்துதான் வரப்போகிறது.

கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கான்ஸ்டன்ஸ் டிப்பர் 1949-லும், பிறகு பட்டிக் என்பவர் 1959-ல் செம்பிலும் இந்த இன்க்ளூஷன் துளைகளை எடுத்துக்காட்டினார்கள். ஒரு உலோகம் எவ்வளவு நீளும் என்பதை அதன் பலம் மட்டும் முடிவு செய்வதில்லை, உள்ளே இருக்கும் அழுக்கும் முடிவு செய்கிறது என்ற புரிதல் இந்த வேலைகளிலிருந்து வந்தது. வீடு கட்டும்போது கடையில் எஃப்.ஈ. 500, எஃப்.ஈ. 500டி என்று இரண்டு டி.எம்.டி. கம்பி சொல்வார்களே, ஐ.எஸ். 1786 என்ற இந்தியத் தரத்தில் அவற்றின் ஈல்டு தேவை ஒன்றுதான், 500 மெகா பாஸ்கல். ஆனால் 'டி' வகையில் கந்தக வரம்பு 0.055 சதவீதத்திலிருந்து 0.040-க்கு இறங்குகிறது, குறைந்தபட்ச நீட்சி 12-லிருந்து 16 சதவீதமாக ஏறுகிறது. கந்தகமும் பாஸ்பரசும் கார்பனும் சேர்ந்து குறைவதால் வரும் பலன் அது.

படி 4: துளை வளரும் வேகத்தைக் கணக்கிடுங்கள்

பிறந்த துளை எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. கழுத்தின் மையத்தில் வேகமாக வளர்கிறது, ஓரத்தில் மெதுவாக. காரணம் கழுத்தின் வடிவம்.

நேரான கம்பியில் இழுப்பு ஒரே திசையில்தான். கழுத்து விழுந்த பிறகு, மெலிந்த பகுதி இன்னும் சுருங்கப் பார்க்கிறது. மேலும் கீழும் இருக்கும் தடித்த பகுதி அதைச் சுருங்க விடாமல் பக்கவாட்டில் பிடித்து இழுக்கிறது. ஆக, மையத்தில் இருக்கும் எஃகை மேலும் கீழும் மட்டுமல்லாமல் நாலு பக்கமும் இழுக்கிறார்கள். எல்லாப் பக்கமும் இழுத்தால் உள்ளே இருக்கும் துளை பலூன் போல ஊதும். இந்த எல்லாப் பக்க இழுப்பை, அதாவது சராசரித் தகைவை, உருமாற்றத்தை நடத்தும் சமானத் தகைவால் வகுத்தால் வரும் எண்ணை 'முப்புற இழுவை விகிதம்' என்று இங்கே அழைக்கிறேன்.

நேரான கம்பியில் அந்த விகிதம் 0.33. கழுத்தில் எவ்வளவு? உயர் அழுத்த ஆய்வுகளுக்காக 1946-ல் நோபல் பரிசு பெற்ற பிரிட்ஜ்மன் இதற்கு ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். கழுத்தின் ஆரத்தை, கழுத்து வளைவின் ஆரத்தைப் போல் இருமடங்கால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, இயல் மடக்கை எடுத்து, மூன்றில் ஒரு பங்கோடு சேர்க்க வேண்டும். இரண்டு ஆரமும் சமமாக இருக்கும் ஆழமான கழுத்தில் விடை 0.74 வரும்.

1969-ல் ரைஸ், டிரேசி இருவரும் துளை வளர்ச்சிக்குக் கணக்குக் கண்டார்கள். துளையின் ஆரம் வளரும் வேகம், இந்த விகிதத்தை ஒன்றரையால் பெருக்கி e (2.718) என்ற எண்ணின் அடுக்குக்குறியில் போட்டால் வரும் எண்ணுக்கு நேர்விகிதம் என்பது அதன் சாரம். போட்டுப் பார்ப்போம். 0.33-க்கு 1.65. 0.74-க்கு 3.0. கூர்மையான வெட்டுத்தடம், விரிசல் முனை போன்ற இடங்களில் விகிதம் 2 ஆனால் 20. நேர்க்கம்பியைவிடப் பன்னிரண்டு மடங்கு வேகம்! பட்டறையில் கம்பி மேல் ஒரு ஆழமான வரிப்பள்ளம் கடைந்துவிட்டு இழுத்தால், குறைந்த பரப்புக்குக் கணக்கிட்ட பலம் கூடியும் நீட்சி வெகுவாகக் குறைந்தும் வரும். பலம் கூடியது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். உள்ளே துளைகள் பன்மடங்கு வேகத்தில் ஊதிக்கொண்டிருக்கும்.

இதைத் திருப்பிப் போட்டும் சோதிக்கலாம். பிரிட்ஜ்மன் எஃகுக் கம்பியைக் கடுமையான திரவ அழுத்தத்துக்குள் வைத்து இழுத்தார். சுற்றிலும் அமுக்குவதால் துளை ஊத முடியாது. அதே எஃகு, வெளியே இழுத்ததைவிடப் பல மடங்கு இளைத்த பிறகே அறுந்தது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த சோதனை இது. 'நீளும் தன்மை' என்பது உலோகத்தின் குணம் மட்டுமல்ல, அதை எந்த நிலையில் வைத்து இழுக்கிறோம் என்பதையும் பொறுத்தது என்று ஒரே அடியில் காட்டிவிட்டது.

படி 5: துளைகள் கைகோக்கும் இடம்

வளர்ந்த துளைகளுக்கு இடையே உலோகச் சுவர்கள் இருக்கின்றன. துளையின் நீளம் பக்கத்துத் துளைக்கான இடைவெளி அளவுக்கு வந்துவிட்டால், அந்தச் சுவரே ஒரு குட்டிக் கம்பி போல ஆகிவிடும். அதற்கும் கழுத்து விழும், அதுவும் அறும். பிரவுன், எம்பரி இருவரும் 1973-ல் இந்த அளவுகோலைச் சொன்னார்கள். பெரிய கழுத்துக்குள் ஆயிரக்கணக்கான நுண்கழுத்துகள் அறுந்து, மையத்தில் இழுப்புக்குக் குறுக்காக ஒரு விரிசல் தட்டையாகப் பரவுகிறது. அதுதான் கிண்ணத்தின் அடி.

விரிசல் ஓரத்தை நெருங்கியதும் நிலைமை மாறுகிறது. மீதி இருப்பது ஒரு மெல்லிய வளையம்தான். அங்கே பக்கவாட்டுப் பிடிப்பு குறைவு. நீட்சி 45 பாகைச் சாய்வில் குறுகிய பட்டைகளில் குவிகிறது. அந்தப் பட்டைக்குள் அதுவரை தாக்குப்பிடித்திருந்த சின்னக் கார்பைடுகளிலும் இப்போது ஒட்டு விட்டு, பொடித் துளைகள் வரிசையாகப் பிறந்து, சரிவாக அறுந்துபோகிறது. கிண்ண விளிம்பு சாய்ந்திருப்பது இதனால்தான்.

படி 6: பாதியில் நிறுத்தி வெட்டிப் பாருங்கள்

மேலே சொன்னதை நம்புவதற்கு ஒரே வழி கண்ணால் பார்ப்பது. சாதாரணக் கல்லூரி லேபிலேயே செய்யலாம்.

ஒரே கம்பியிலிருந்து மூன்று நான்கு துண்டு கடையுங்கள். முதல் துண்டை முழுசாக முறித்து, முறியும் சுமையைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் 36 கிலோ நியூட்டன். அடுத்ததை, உச்சம் தாண்டிச் சுமை 38-க்கு இறங்கும்போது நிறுத்திவிடுங்கள். கடைசி நேரத்தில் சுமை வேகமாக இறங்கும் என்பதால் வேகத்தை நன்றாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றிரண்டு துண்டு கைதவறி முறிந்தே தீரும். இன்னொன்றை 44-இல் நிறுத்தினால் ஒப்பிட உதவும்.

பிறகு கழுத்தை நீளவாக்கில் வெட்ட வேண்டும். நட்டநடுவில் வெட்டாமல் ஒரு மி.மீ. தள்ளி, தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டி, மீதியைத் தேய்த்து மையத்துக்கு வாருங்கள். பேக்லைட்டில் பதித்து, எமரி தாளில் 220, 400, 600, 800, 1000 என்று ஒவ்வொன்றுக்கும் 90 பாகை திருப்பித் தேய்த்து, கடைசியில் ஒரு மைக்ரான் வைரப் பசையில் மெருகேற்றுங்கள்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எஃகு மிருதுவானது. மெருகேற்றும்போது அது நகர்ந்து துளைகளின் வாயை மூடிவிடும். பார்த்தால் துளையே இல்லாதது போலத் தெரியும். அதற்கு வழி, 2 சதவீத நைட்டாலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) சில விநாடி அரித்து, மறுபடி மெருகேற்றி, மறுபடி அரிப்பது. இரண்டு மூன்று முறை செய்தால் மூடிய வாய் திறக்கும். ஆனால் அதிகம் அரித்தால் துளை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதால் கடைசிப் பார்வை அரிக்காத முகத்தில்தான் இருக்க வேண்டும். நைட்டால் கலக்கும்போது ஆல்கஹாலில் அமிலத்தைச் சொட்டுச்சொட்டாக விடுங்கள், அமிலத்தில் ஆல்கஹாலை ஊற்றாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம். இறுக்க மூடிய பாட்டிலில் சேமிக்கக் கூடாது.

நுண்ணோக்கியில் 100 மடங்கில் பாருங்கள். 44-இல் நிறுத்தியதில், கழுத்தின் நடுவில் அங்கொன்றும் இங்கொன்றும் கறுப்புப் புள்ளிகள். 38-இல் நிறுத்தியதில் மையக்கோட்டைச் சுற்றி இழுப்புத் திசையில் நீண்ட துளைகள் கூட்டமாக இருக்கும், சில சேர்ந்து குறுக்கே ஒரு கிழிசலாகவும் ஆகியிருக்கும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் சில துளைகளுக்குள் சாம்பல் நிறத் துகள் ஒன்று, ஓட்டுக்குள் ஆடும் கொட்டைப்பாக்கு மாதிரி, தனியாகக் கிடப்பதைப் பார்க்கலாம். கழுத்தை விட்டு விலகி நேர்ப்பகுதிக்குப் போனால் துளைகள் மறைந்துவிடும்.

படி 7: முறிந்த முகத்தை வாசியுங்கள்

முழுசாக முறிந்த துண்டின் கிண்ண அடியை மின்னணு நுண்ணோக்கியில் வைத்தால் தேன்கூடு போலக் குழிகுழியாகத் தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு துளையின் பாதி. மறுபாதி எதிர்த் துண்டில் இருக்கும். குழியின் அடியில் துகள் இருந்தால் அதன் வேதிக்கூறைக்கூட அளந்து, கந்தகமா அலுமினியமா என்று சொல்லிவிடலாம். சாய்வான விளிம்பில் குழிகள் ஒரு பக்கம் நீண்டு வளைந்திருக்கும். எதிர்த் துண்டின் விளிம்பில் அவை எதிர்த்திசையில் வளைந்திருந்தால் அது சறுக்கி அறுந்தது என்று பொருள்.

குழிகளுக்குப் பதிலாகக் கற்கண்டை உடைத்தது போலத் தட்டையான, மின்னும் முகப்புகள் தெரிந்தால் அது வேறு கதை. அது நொறுங்கிய முறிவு. அதே எஃகு குளிரில் அப்படி உடையலாம். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லந்தில் துறையில் நின்றுகொண்டிருந்த ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாகப் பிளந்தது இந்த வகை. செம்பு, அலுமினியம், ஆஸ்டெனைட் வகைத் துருப்பிடிக்காத எஃகு ஆகியவற்றுக்கு இந்தக் குளிர் ஆபத்து இல்லை.

படி 8: தொழிலில் இது எங்கே வந்து நிற்கிறது

கம்பி இழுக்கும் ஆலைகளில் டையின் (கம்பியை இழுத்து மெலிய வைக்கும் அச்சுத் துளையின்) கோணம் அதிகமாகவும் ஒரு தடவைக்கான குறைப்பு மிகக் குறைவாகவும் இருந்தால், வெளித்தோல் மட்டும் உருமாறி மையம் வெறும் இழுவையில் மாட்டிக்கொள்ளும். விளைவு, கம்பிக்குள் அம்புமுனை அம்புமுனையாக வரிசையாக விரிசல். வெளியே பார்த்தால் பளிச்சென்று இருக்கும். எங்கோ அறுந்து, கிண்ணம் தெரியும்போதுதான் பிடிபடும். கோணத்தைக் குறைத்து, ஒரு தடவைக்கான குறைப்பைக் கூட்டினால் சரியாகும். கூட இருக்கும் சரக்கை அல்ட்ராசானிக்கில் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

இன்னொன்று எனக்கு நேரில் நடந்தது. லேபில் சேர்ந்த புதிதில் ஒரு தடித்த தகடு சோதனைக்கு வந்தது. நீளவாக்கில் இழுத்தேன், எல்லா எண்ணும் அருமை, 'தேறியது' என்று எழுதிக் கொடுத்தேன். சில வாரத்தில் அதே தகடு திரும்பி வந்தது, 'டி' வடிவ வெல்டிங்குக்குக் கீழே படிப்படியாகக் கிழிந்து. கிழிந்த முகம் விறகு பிளந்தது போல இருந்தது. தகடு உருட்டும்போது மாங்கனீஸ் சல்பைடு அப்பளம் போலத் தட்டையாகிவிடும். நீளவாக்கில் இழுத்தால் அவை தொந்தரவு தராது. தடிமன் திசையில் இழுத்தால் ஒவ்வொன்றும் தயாராக இருக்கும் ஒரு துளை. வெல்டிங் ஆறிச் சுருங்கும்போது இழுத்தது அந்தத் திசையில்தான். நான் கேட்காத கேள்விக்குத்தான் தகடு பதில் சொல்லாமல் இருந்தது. அன்றிலிருந்து, தகடு எந்தத் திசையில் சுமை தாங்கப்போகிறது என்று கேட்காமல் நான் துண்டு வெட்டுவதில்லை. தடிமன் திசைக்கென்றே இசட் 15, இசட் 25, இசட் 35 என்ற தரங்கள் இருக்கின்றன. அந்த எண் தடிமன் திசையில் இழுக்கும்போது வேண்டிய குறைந்தபட்சப் பரப்புக் குறைவின் சதவீதம். அத்தகைய எஃகில் கந்தகத்தை வெகுவாகக் குறைத்து, கால்சியம் சேர்த்து, துகள்களைத் தட்டையாகாத உருண்டையாக்கிவிடுகிறார்கள்.

கணினியில் இதையெல்லாம் கணிக்க விரும்புபவர்கள் 1977-ல் கர்சன் தந்த மாதிரியிலிருந்து தொடங்கலாம். உலோகத்தில் எத்தனை பங்கு துளை என்பதையே ஒரு மாறியாக வைத்து, அது கூடக்கூட ஈல்டு இறங்குவதாக அவர் எழுதினார். ட்வெர்கார்ட், நீடில்மன் இருவரும் 1984-ல் துளைகள் சேரும் கட்டத்தையும் அதில் நுழைத்தார்கள். ஆனால் அதற்குத் தரவேண்டிய எண்களை மற்றவர் கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்துப் போடாதீர்கள். உங்கள் எஃகின் துகள்கள் வேறு. ஆறாம் படியைச் செய்து உங்கள் எண்ணை நீங்களே எடுங்கள்.

படி 9: உடைந்ததைப் பத்திரப்படுத்துங்கள்

வேலையில் உடைந்து வந்த பாகமென்றால் இரண்டு துண்டையும் பொருத்திப் பார்க்காதீர்கள். எல்லோருடைய கையும் முதலில் அதற்குத்தான் போகும். ஒருமுறை உரசினாலே குழிகளின் விளிம்பு நசுங்கி, வாசிக்க ஒன்றுமில்லாமல் போய்விடும். விரலும் படக் கூடாது, வியர்வையின் உப்பு ஒரே ராத்திரியில் துருவாகிவிடும். இழுவைச் சோதனைத் துண்டில் நீட்சி அளக்கப் பொருத்தியே ஆக வேண்டும் என்பதால், நுண்ணோக்கிக்குப் போகவேண்டிய துண்டைத் தனியாக ஒன்று முறித்துக்கொள்ளுங்கள். முறிந்ததும் ஊதுகாற்றில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில், முறிந்த முகம் எதிலும் படாதபடி நிறுத்தி வைத்து, எந்தக் கம்பி, எந்தத் திசை, எந்தச் சுமை என்று அப்போதே சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள்.